பெண்கள் மட்டும் தோண்டலாம்

நூர் மியானி துறை,
சுக்கூருக்கு மேலே, சிந்து நதி.
28 நவம்பர் 1999

கராச்சிக் கட்டடங்களின் ராணியும், காகிதங்களின் எஜமானியும், என் தங்கை பெற்ற ஒரே மகளுமான ஹுர்மத்துக்கு,

சிந்து நதியின் கடற்படைத் தளபதியும், முப்பத்திரண்டு படகுகளின் வாயும், சூமர் டீக்கடையின் உடைந்த பெஞ்சுக்கு நிரந்தர உரிமையாளனுமான உன் மாமன் வர்யாம் எழுதிக்கொள்வது.

ஆறு வாரமாக உனக்கு நான் எழுதவில்லை. நீ அதைக் கவனிக்கவில்லை என்று தெரிந்ததால் எழுதுகிறேன். கோபமாக இருக்கிறேன் என்பதைக்கூட தபால்தலை ஒட்டித்தான் தெரிவிக்க வேண்டியிருக்கிறது.

அக்டோபரில் நீ வேலை பார்க்கிற வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்து ஆட்கள் வந்து புல்ஹான் எண்ணினார்கள். காகிதத்தில் டால்பின் என்று எழுதுகிறீர்களே, அதே குருட்டுப் பிராணிதான். நம் துறைக்கு எதிரே உள்ள மடுவில் நாற்பத்தொன்று இருப்பதாக நான் சொன்னேன். நீ அறிக்கையில் ஒன்பது என்று எழுதியிருக்கிறாய். வனவிலங்குத் துறை அதிகாரி அர்பாப் சாயீன் (நல்ல மனுஷர், தொப்பி மட்டும் ஒரு அளவு பெரிது) அதை டீக்கடையில் எல்லோர் முன்னாலும் வாசித்தார். சூமர் சிரித்த சிரிப்பில் ஏழு கிளாஸ் உடைந்தது. "வர்யாம் அண்ணே, மிச்சம் முப்பத்திரண்டும் லீவுல போயிருக்கா?" என்று கேட்டான். படகுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மற்றபடி நீ பேசி முடித்த ஒப்பந்தம் நன்றாகத்தான் நடக்கிறது. அரசாங்கம் நேராக நம் கையில் மீன்பிடி அட்டை கொடுத்ததிலிருந்து பண்ணையார் வடேரா கமீசோவின் ஆட்கள் படகில் ஏறி மீன் பொறுக்குவதில்லை. இருபது வருடம் நதியைக் குத்தகைக்கு எடுத்து, நாம் பிடித்த நாலு மீனில் மூன்றைக் கொண்டுபோன மனிதர் இப்போது கரையில் நின்று தண்ணீரை முறைக்கிறார். அந்த முறைப்பில் நதி ஒரு முழம் வற்றிவிட்டது.

உன் மாமி ஜெபுல் உன்னை விசாரிக்கவில்லை. விசாரிக்கவில்லை என்று எழுதச் சொன்னாள்.

உன் அவமதிக்கப்பட்ட மாமன்,
வர்யாம் மீர்பஹர்


கராச்சி,
8 டிசம்பர் 1999

மாமாவுக்கு ஹுர்மத்தின் சலாம்.

நீங்கள் எழுதாததைக் கவனித்தேன். வேலை அதிகம் என்பதால் அதைப் பற்றிக் கவலைப்படுவதைத் தள்ளிப்போட்டிருந்தேன்.

ஒன்பது என்பது ஒன்பதுதான். புல்ஹான் ஒரு நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது மூச்சுவிட மேலே வரும். நீங்கள் ஒவ்வொரு மூச்சையும் ஒரு புல்ஹானாக எண்ணுகிறீர்கள். இன்னும் கால் மணி நேரம் படகில் உட்கார்ந்திருந்தால் இருநூறு வந்திருக்கும்.

ஒரு முக்கியமான விஷயம். ஏப்ரலில் மறுபரிசீலனைக் கூட்டம். அட்டைகள் ஒரு வருஷச் சோதனைக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். வனவிலங்குத் துறையும் எங்கள் சங்கமும் சரி என்று சொன்னால்தான் நிரந்தரம். அதுவரை யாரும் வலையைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் காவலில்லாமல் போகக் கூடாது. ஒரு புல்ஹான் செத்தால், எப்படிச் செத்தாலும், ஒரே நாளுக்குள் அர்பாப் சாயீனுக்குச் சொல்ல வேண்டும். ஒருவர் தப்புச் செய்தால் அவருடைய அட்டை போகும். ஊரே சேர்ந்து மறைத்தால் முப்பத்திரண்டு அட்டையும் போகும், நதி மறுபடி குத்தகைக்குப் போகும். இதை நான் படித்துக் காட்டிய அன்று நீங்கள்தான் முதலில் கைநாட்டு வைத்தீர்கள், எழுதத் தெரிந்திருந்தும். கேட்டதற்கு, "கையெழுத்தை எவனும் போடுவான், இந்தக் கட்டைவிரல் உலகத்துலயே ஒண்ணுதான்" என்றீர்கள். கீழே சாட்சியாக என் கையெழுத்து இருக்கிறது. தயவுசெய்து அதை எல்லாருக்கும் ஒரு தடவை ஞாபகப்படுத்துங்கள்.

மாமியை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

ஹுர்மத்


நூர் மியானி துறை,
15 ஜனவரி 2000

ஹுர்மத்துக்கு,

நலம். ஈத் நல்லபடியாக முடிந்தது. குளிர் இருக்கிறது. நேற்று மூன்று மீன் கிடைத்தது. நடுத்தர அளவு. மாமி நலம். தாமரைக்கிழங்கு ஒரு மூட்டை லாரியில் அனுப்பியிருக்கிறேன். வேகவைத்துச் சாப்பிடு.

வர்யாம்


கராச்சி,
19 ஜனவரி 2000

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நீங்கள் நடுத்தர அளவில் ஒரு மீன் பிடித்ததில்லை. போன வருஷம் பிடித்த ரோகு மீன் படகை இழுத்துக்கொண்டு பஞ்சாப் எல்லை வரை போய், அங்கே போலீஸ்காரர் ஒருவர் அதனிடம் அடையாளச் சீட்டு கேட்டதாக எழுதினீர்கள். இந்த ஈத் பற்றி எழுத உங்களுக்கு ஒரு வரிதான் கிடைத்ததா? தாமரைக்கிழங்கு பத்துக் கிலோ இருக்கிறது. நான் தனியாக இருக்கிறவள். யாருக்காவது பத்துக் கிலோ கிழங்கு அனுப்புகிறவன் எதையோ மன்னிக்கச் சொல்லுகிறான்.

நேற்று வடேரா கமீசோ மந்திரிக்கு அனுப்பிய மனுவின் நகல் எங்கள் மேஜைக்கு வந்தது. நூர் மியானிக்காரர்கள் ஒரு டால்பினைக் கொன்று மறைத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். ஜனவரி பதினைந்தாம் தேதி போட்ட மனு. மேலதிகாரி என்னிடம், "இது உங்க ஊர்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். அது உண்மையாக இருந்தது. அடுத்த தடவை அவர் கேட்கும்போது நான் சொல்லும் பதிலும் உண்மையாக இருக்க வேண்டும்.

என்ன நடந்தது?

ஹுர்மத்


நூர் மியானி துறை,
23 ஜனவரி 2000

மருமகளே,

ஒரு மனிதன் வாழ்நாளில் ஒருமுறை உண்மை எழுதினால் அதற்கும் விசாரணை.

சொல்கிறேன். பதினொன்றாம் தேதி சாயங்காலம் மடுவின் மேல்முனையில் பெரிய வலையைக் கட்டினேன். ஈதில் தின்ற இனிப்பு சேமியா இன்னும் வயிற்றில் கிடந்தது. ஆயிரம் ஒட்டகம் சுமக்கிற அளவு. காவல் இருக்க வேண்டியவன், படகுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். ஒப்பந்தம் ஞாபகம் இருந்தது. ஒருநாள்தானே என்று நினைத்தேன்.

காலையில் வெயில் ஏறின பிறகு போனேன். வலை கனத்தது. மீன் என்று நினைத்துப் பாட்டுக்கூடப் பாடினேன். மேலே வந்தது புல்ஹான். பெண். சின்ன வயது. வால் வலையில் சுற்றியிருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது.

அன்று நதியே துக்கம் காத்தது. லட்சம் மீன்கள் வயிற்றை மேலே காட்டி மல்லாந்து கிடந்தன. ஒரு கொக்கு வந்து பார்த்துவிட்டு, பசியில்லை என்று போய்விட்டது. இவ்வளவு துக்கத்தை நான் எந்த ராஜாவின் சாவிலும் கண்டதில்லை. எந்த ராஜாவின் சாவுக்கும் நான் போனதில்லை என்பது வேறு விஷயம்.

அர்பாப் சாயீனிடம் ஓட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். உன் மாமி வழிமறித்தாள். புல்ஹான் ஒரு காலத்தில் பால்காரப் பெண்ணாக இருந்தது, சாபத்தில் தண்ணீரில் விழுந்தது என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, தாலாட்டே அதுதான். "ஒரு பொண்ணை இப்படி ஈக்கு விட்டுட்டு ஆபீசுக்கு ஓடுறியே, வெட்கமா இல்ல?" என்றாள். பெட்டியிலிருந்து தன் கல்யாண அஜ்ரக் துணியை எடுத்தாள். எல்லாப் படகிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். மணல்திட்டில் நம் பெண்களை அடக்கம் செய்த இடத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டினார்கள். மௌல்வியைக் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்று சொல்லியிருப்பார்.

பெண்கள் அழுதுவிட்டு வந்தபோது எனக்குப் புத்தி வந்தது. புதைத்துவிட்டு இனிமேல் போய்ச் சொன்னால் முப்பத்திரண்டு குடும்பமும் தெருவுக்கு வரும். தெருவுக்கு என்றுகூடச் சொல்ல முடியாது, படகிலேயே குடியிருக்கிற நமக்குத் தெரு கிடையாது. படகுத் தலையாட்கள் கூடி வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தோம். முடிவு செய்தது நான். அவர்கள் தலையாட்டினார்கள்.

வடேராவுக்கு எவன் சொன்னான் என்று தெரியவில்லை. நம் ஆள் ஒருவனும் இல்லை.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு. அல்லது கிழிக்காதே. நீ படித்தவள், உனக்குத் தெரியும்.

மாமன்


கராச்சி,
27 ஜனவரி 2000
(அவசரத் தபால்)

மாமா,

கிழிக்கவில்லை.

கோபப்பட நேரமில்லை, அதைப் பிறகு செய்துகொள்கிறேன். முதலில் நான் கேட்பதற்குப் பதில் எழுதுங்கள். அலங்காரம் வேண்டாம். "லட்சம் மீன்கள் மல்லாந்து கிடந்தன" என்று எழுதியிருக்கிறீர்களே, அது கதையா, கண்ணால் பார்த்ததா? பார்த்திருந்தால் எத்தனை? பெரியதா, பொடியா? செவுள் என்ன நிறம்? கொக்கு நிஜமாகவே தொடாமல் போயிற்றா? யாராவது அந்த மீனைச் சமைத்தார்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், வலையில் மாட்டிச் செத்த புல்ஹானுக்காக மீன்கள் சாவதில்லை. ஜனவரியில் தண்ணீர் இறங்கும்போது நதியின் மேல்பக்கம் சில இடங்களில் பருத்திக்கு அடிக்கிற பூச்சிமருந்தை மடுவில் கொட்டி மீன் அள்ளுகிறார்கள். மருந்து தின்ற மீனைத் தின்றால் புல்ஹானும் சாகும். செத்தபின் மிதந்துவந்து உங்கள் வலையில் சுற்றியிருக்கலாம். இன்னொன்று. உங்கள் ஆட்கள் சொல்லவில்லை என்றால், பதினைந்தாம் தேதியே வடேராவுக்கு எப்படித் தெரிந்தது? மேல்பக்கம் அது துடித்ததைப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

இது என் ஊகம். ஊகத்தைக் கூட்டத்தில் வைக்க முடியாது. அதன் ஈரல் வேண்டும், வயிற்றில் இருப்பது வேண்டும். அவ்வளவையும் அஜ்ரக்கில் சுற்றிப் புதைத்துவிட்டீர்கள். நம்மைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியை மரியாதையாக மண்ணில் போட்டு மூடியிருக்கிறீர்கள். வேறு எந்த ஊர்க்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். பயந்தவன் நதியில் தள்ளிவிட்டிருப்பான், நேர்மையானவன் ஆபீசுக்குப் போயிருப்பான்.

அர்பாப் சாயீனிடம் நீங்களே போய் எழுதிக் கொடுங்கள். நான் சொல்லி அவர் தெரிந்துகொண்டால் அது மறைத்தது. நீங்கள் சொன்னால் அது தாமதம். ஒரு வாரம் காத்திருப்பேன். அதற்குப் பிறகு மேலதிகாரியிடம் நானே சொல்லிவிடுவேன். மாமா என்பதற்காக நிறுத்த மாட்டேன்.

ஹுர்மத்


நூர் மியானி துறை,
31 ஜனவரி 2000

ஹுர்மத்துக்கு,

எழுதிக் கொடுத்துவிட்டேன். நகல் கீழே.

"நான், வர்யாம், ஜனவரி 11 மாலை வலை கட்டிவிட்டுத் தூங்கப் போனேன். 12 காலை வலையில் ஒரு பெண் டால்பின் செத்துக் கிடந்தது. பக்கத்தில் செத்த மீன் முப்பத்தேழு பார்த்தேன். பெரும்பாலும் பொடி. செவுள் வெளுத்திருந்தது. கொக்கு ஒன்று வந்தது, தின்னவில்லை. நாங்களும் தின்னவில்லை. மறைக்கச் சொன்னது நான். மற்றவர்கள் மேல் தப்பில்லை."

லட்சத்திலிருந்து முப்பத்தேழுக்கு இறங்கி வர எனக்கு ஒரு பகல் முழுக்க ஆயிற்று. முதலில் பத்தாயிரம் என்று எழுதினேன். அர்பாப் சாயீன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வர்யாம், நாங்க சாப்பிட்டுட்டு வரட்டுமா?" என்று கேட்டார். பிறகு ஐந்நூறு. பிறகு கண்ணை மூடி அந்தக் காலையை நினைத்துப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணினேன். முப்பத்தேழு. அதற்கு மேல் ஒன்றுகூட வரவில்லை. நான் இவ்வளவு ஏழை என்று எனக்கே தெரியாது.

அவர் திட்டினார். நியாயமான திட்டு, நீளமும் சரியாக இருந்தது. பிறகு, சங்கம், துறை, ஊர் மூன்றும் முன்னால் நிற்கக் குழியைத் திறக்க வேண்டும் என்றார். அங்கேதான் சிக்கல்.

உன் மாமி துடுப்பை எடுத்துக்கொண்டு மணல்திட்டில் உட்கார்ந்திருக்கிறாள். பொய் இல்லை, இரண்டு நாளாக அங்கேதான் ரொட்டி சுடுகிறாள். "செத்துப்போன பொண்ணை அந்நிய ஆம்பிளை திறந்து பாக்குறதா? அவளுக்கு அப்பன் இருக்கானா, அண்ணன் இருக்கானா, வந்து நிக்க?" என்கிறாள். நான் வேண்டுமானால் அண்ணனாக நிற்கிறேன் என்றேன். "நீ வலை கட்டினவன்யா. தள்ளி நில்லு" என்றாள். நாற்பது வருஷத்தில் என்னை எத்தனையோ சொல்லியிருக்கிறாள். இது உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

மற்றப் பெண்களும் அவள் பக்கம். கால்நடை டாக்டர் லதீஃப் வருகிறார் என்றால் அவரும் ஆண்தான் என்கிறார்கள். பெண் டாக்டர் என்றால் அவள் யாரோ என்கிறார்கள். நம் படகில் பிறந்து, இந்தக் கத்தி வேலையைப் படித்த பெண் இருந்தால் வரட்டும் என்கிறார்கள்.

நீ ஆறு வருஷமாக நம் படகில் கால் வைக்கவில்லை. ஒப்பந்தம் வாசிக்க வந்த அன்றும் கரையிலேயே நின்று வாசித்துவிட்டு ஜீப்பில் போய்விட்டாய். உன்னைக் கரைக்காரி என்று பெண்கள் சொல்வதை நான் உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் கேட்க வேண்டியிருக்கிறது.

வா.

மாமன்


கராச்சி,
3 பிப்ரவரி 2000

மாமாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். என் மேலதிகாரியும் அர்பாப் சாயீனும் டாக்டர் லதீஃபும் கூட வருவார்கள். நான் கால்நடை டாக்டர் இல்லை. எண்ணிக்கை எழுதுகிறவள். வெட்டியது மீன் மட்டும்தான், அதுவும் மாமி சொல்லிக்கொடுத்தது. டாக்டர் தூரத்தில் நின்று சொல்லச் சொல்ல நான் செய்ய வேண்டும் என்று பேசியிருக்கிறேன். ஐஸ் பெட்டி, கண்ணாடிக் குப்பி எல்லாம் நாங்கள் கொண்டுவருகிறோம்.

நான் கரையில் நின்றதற்குக் காரணம் வெட்கம் இல்லை. அம்மா செத்த படகு அங்கே கட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் வாசித்திருக்க முடியாது. இதை மாமியிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன்.

அதை மறுபடி மூட புது அஜ்ரக் ஒன்று வாங்கியிருக்கிறேன். மாமியுடைய துணி மாதிரி வராது. ஒப்புக்கொள்வாளா என்று மட்டும் கேளுங்கள்.

ஹுர்மத்


நூர் மியானி துறை,
18 பிப்ரவரி 2000

ஹுர்மத்துக்கு,

நீ குழிக்குள் இருந்ததால் அன்று இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று பார்த்திருக்க மாட்டாய். வரலாற்றுக்காக எழுதி வைக்கிறேன்.

உன் மாமி ஐம்பது அடி தள்ளி மணலில் துடுப்பால் ஒரு கோடு கிழித்தாள். ஆண்கள் எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம், முதுகைக் காட்டி. அர்பாப் சாயீன் தான் அரசாங்கப் பிரதிநிதி என்றார். "அரசாங்கத்துக்கும் முதுகு இருக்குல்ல? திருப்புங்க சாயீன்" என்றாள். திருப்பினார். அவர் பக்கத்தில் உங்கள் சங்கத்து மேலதிகாரி, அவர் பக்கத்தில் டாக்டர், பிறகு நான், பிறகு முப்பத்தொரு படகுத் தலையாட்கள். எல்லாரும் வரிசையாக நதியைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். வடேராவின் ஆள் ஒருவன் வேடிக்கை பார்க்க வந்தான். அவனையும் உட்கார வைத்தார்கள்.

டாக்டர் கழுத்தைத் திருப்பாமல் வானத்தைப் பார்த்துக் கத்தினார். "விலாவுக்குக் கீழ, வலது பக்கம், கருப்பா பெருசா இருக்கும் பாருங்க."

"தெரியுது டாக்டர். கலைஞ்சிருக்கு," என்றாய் நீ.

"கலைஞ்சாலும் பரவாயில்ல. ஒரு கை அளவு."

பிறகு நீ வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. மாமி, "மூக்கால மூச்சு விடாதடி. வாயால விடு. ம், இப்பப் பிடி, நான் விரிச்சுத் தாரேன்" என்று சொன்னது கேட்டது. அர்பாப் சாயீன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் பேச வாயைத் திறந்தேன். உன் மேலதிகாரி என்னிடமும் மரியாதையாக, "வேண்டாம் சாயீன்" என்று மெதுவாகச் சொன்னார்.

நீ குப்பிகளோடு ஜீப்பில் ஏறின பிறகு, மாமி உன் அஜ்ரக்கைச் சுற்றித்தான் மூடினாள். சாயம் மட்டம் என்று சொன்னாள். உன் அம்மாவைப் பற்றி நீ அவளிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். "அது எங்களுக்குள்ள" என்றாள். என்னோடு அன்று பேசிய வார்த்தை அது மட்டும்தான். இன்றுவரை அதுதான்.

ஏப்ரல்வரை யாருக்கும் தூக்கம் கிடையாது. சூமர்கூட டீயில் சர்க்கரை போட மறக்கிறான்.

மாமன்


கராச்சி,
26 ஏப்ரல் 2000

மாமாவுக்கு,

கூட்டம் நேற்று முடிந்தது. அர்பாப் சாயீன் நேரில் வந்து சொல்வார். ஆனால் என் கையால் எழுதியதை நீங்கள் முதலில் படிக்க வேண்டும்.

ஈரலில் பூச்சிமருந்து இருந்தது. வயிற்றில் இருந்த பொடி மீனிலும் இருந்தது. வலைக்கு வருவதற்கு முன்பே செத்திருக்கலாம், அல்லது சாகிற நிலையில் இருந்திருக்கலாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் எழுதியிருக்கிறார். வடேரா தரப்பிடம், "பதினஞ்சாம் தேதி உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று அர்பாப் சாயீன் கேட்டார். மேல்மடுவில் யார் மருந்து கொட்டினார்கள் என்று போலீஸ் விசாரிக்கும். கண்டுபிடிப்பார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

முப்பத்தொரு அட்டைகள் நிரந்தரம் ஆகிவிட்டன. நதி குத்தகைக்குப் போகாது.

முப்பத்திரண்டாவது உங்களுடையது. அது ரத்து. காவலில்லாத வலை, மறைத்தது, இரண்டும் நீங்களே எழுதிக் கொடுத்தது. மூன்று வருஷம் கழித்துத்தான் மறுபடி கேட்கலாம். அர்பாப் சாயீன் எச்சரிக்கையோடு விட்டுவிடலாம் என்றார். சங்கத்தின் கருத்தைக் கேட்டார்கள். மேலதிகாரி என்னைப் பார்த்தார். ரத்து செய்ய வேண்டும் என்று நான்தான் சொன்னேன். உங்களை விட்டுவிட்டால், மாமாவுக்காக வளைத்தாள் என்று வடேரா நாளைக்கே மற்ற முப்பத்தொன்றையும் கேள்வி கேட்பார். சொல்லிவிட்டு வெளியே வந்து மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது. புல்ஹான் செத்தால் படகுத் துறையில் உள்ள பெண்களுக்கு முதலில் தகவல் போக வேண்டும், அவர்கள் வரும்வரை யாரும் தொடக்கூடாது. டாக்டர் லதீஃப்தான் எழுதச் சொன்னார். ஊர்ப் பெண்களில் இரண்டு பேருக்கு அவரே கத்தி வேலை சொல்லித் தருவார், கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து.

என்மேல் எவ்வளவு கோபம் என்று எழுதுங்கள். இந்தத் தடவை குறைத்து எழுத வேண்டாம்.

ஹுர்மத்


நூர் மியானி துறை,
9 மே 2000

மருமகளே,

கோபம் வந்தது. மலை அளவு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பிறகு, உன் இடத்தில் நான் இருந்து மாமனை விட்டுவிட்டிருந்தால், இந்த முப்பத்தொரு பேரின் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்தேன். கோபம் ஒரு டீ குடிக்கிற நேரம் இருந்தது. சரியாகச் சொன்னால் ஒன்றரை டீ.

அட்டையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அர்பாப் சாயீன் வாங்கிக்கொண்டார். வெளியே வந்தால் உன் மாமி வாசலில் நிற்கிறாள். துறையிலிருந்து ஆபீசுக்குப் பன்னிரண்டு மைல். அவள் தன் வாழ்க்கையில் அந்த வாசலை மிதித்ததில்லை. என்னைத் தாண்டி உள்ளே போனாள். ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"சாயீன், படகு என் அப்பா கொடுத்தது. வலை நான் பின்னினது. மீனைக் கரையில வித்துட்டு வர்றது நானு. அட்டை மட்டும் எதுக்கு அந்த ஆளு பேர்ல இருந்தது?"

அர்பாப் சாயீன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்று எங்கும் எழுதவில்லை. கூடாது என்றும் எழுதவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அவர் சுக்கூருக்குத் தந்தி கொடுத்தார், சுக்கூர் கராச்சிக்குக் கொடுத்தது. அதற்குக் கராச்சியில் யார் பதில் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்கிறேன்.

நேற்று அட்டை வந்தது. ஜெபுல், நூர் மியானி துறை, ஒரு படகு. இந்த நதியில் ஒரு பெண் பெயரில் வந்த முதல் அட்டை என்று அர்பாப் சாயீன் சொல்கிறார். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூக்குத்திக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

படகுக்கு ஒரு கூலியாள் வேண்டும் என்று துறையில் சொல்லியனுப்பினாள். மூன்று பேர் வந்தார்கள். நானும் போய் வரிசையில் நின்றேன். சூமர் கடையை மூடிவிட்டு வேடிக்கை பார்க்க வந்தான். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவள் என்னை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"தூங்குவியா?"

"ராத்திரி வலை தண்ணில இருந்தா தூங்க மாட்டேன்."

"நீச்சல் தெரியுமா?"

"தெரியும்."

"எவ்வளவு தூரம்?"

அரபிக் கடல்வரை போய், அங்கே ஒரு கப்பலுக்கு வழி சொல்லிவிட்டுத் திரும்பி வருவேன் என்பது நாக்கு நுனியில் நின்றது. சூமர் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தான்.

"கரை வரைக்கும்," என்றேன்.

நாளைக் காலையிலிருந்து வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறாள்.

வர்யாம்